பையிலிருந்து கொட்டிய மணல்

கரீபியன் தீவுக்குக் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்த இரண்டாம் நாள், ஒன்பது வயது மகளைக் காணவில்லை. ஒரு மணி நேரம் தேடிய பிறகு விடுதி அறைக்குத் தானாகவே வந்தாள். அவள் பையிலிருந்து மணல் கொட்டியது.

ஆவடி குவார்ட்டர்ஸின் சிவப்பு சிமெண்ட் தரையிலும் ஒருநாள் இப்படிக் கொட்டியது, என் பையிலிருந்து. பள்ளிக்கு மட்டம் போட்டு ரயிலேறி மெரினாவுக்குப் போயிருந்தேன். அப்பா பெல்ட்டை உருவினார்.

"நான்தான் இட்டுகினு போனேன் நைனா," என்றான் அண்ணன்.

அது பொய். பெல்ட்டின் பித்தளைக் கொக்கி அவன் இடது காதில் இறங்கியது. மறுபடியும், மறுபடியும் இறங்கியது. மணலில் ரத்தம் சொட்டியது. நான் வாயே திறக்கவில்லை. அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை.

இப்போது மகளை அடிக்க என் கை ஓங்கியிருந்தது. எங்களோடு வந்திருந்த அண்ணன் குறுக்கே புகுந்தான்.

"பாப்பாவ நான்தான்டா இட்டுகினு போனேன்."

அந்த ஒரு மணி நேரமும் அவன் என்னோடுதான் அவளைத் தேடிக்கொண்டிருந்தான்.