மவுத்பீஸில் மூன்றாவது தடம்

அப்பா கிளாரினெட் வாசித்து நாங்கள் கேட்டதில்லை. வாசித்தது அம்மா. கழுவித் துடைத்தது அப்பா. "நீ வாசி, பாத்திரம் நான் தேய்ச்சுக்கிறேன்" என்பார்.

அந்தக் கிளாரினெட் மரமல்ல, கெட்டி ரப்பர். அம்மா வாசித்து முடித்ததும் அப்பா அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, உள்ளே துணியை இழுத்து ஈரம் எடுப்பார். வாய் வைக்கும் மவுத்பீஸை மட்டும் பச்சைத்தண்ணீரில் கழுவி நிழலில் காயவைப்பார். வெந்நீர் பட்டால் பழுப்பேறும். வெயிலில் கிடந்தால் கந்தக வாடை அடிக்கும். டயர் கம்பெனி லேபில் வேலை பார்க்கும் நான் காரணம் சொல்ல ஆரம்பித்தால், "காரணத்தை நீ வச்சுக்க, அந்தத் துணியைக் குடு" என்பார். பாய்லர் அறையில் வேலை பார்த்தவர். ஸ்பேனர் நழுவி முன்பல் ஒன்று பாதி போனது. கடைசிவரை கட்டிக்கொள்ளவில்லை.

அவர் போனபின் அம்மா பெட்டியைத் திறக்கவில்லை. சுத்தம் செய்து தன் இசைக்குழுவிடமே கொடுத்துவிடச் சொன்னாள். எனக்கு அது வீட்டை விட்டுப் போகக் கூடாது. வாதாட வராமல் கழுவ உட்கார்ந்தேன்.

அவர் நோயில் படுத்ததிலிருந்து கழுவாததால் மவுத்பீஸில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தேன். மேற்புறம் அம்மாவின் முன்பற்கள் பதிந்த இரண்டு லேசான தடங்கள். சற்றுத் தள்ளி மூன்றாவது. ஒற்றைப் பல், ஆழமாக. பழகாதவர்கள்தான் அப்படிக் கடிப்பார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தேவையே இருக்கவில்லை.

அம்மா விரலால் தடவிப் பார்த்தாள்.

"அவருக்கு ஊதவே வராதே."

கீழ்வீட்டுத் தையல்காரரிடம் விசாரித்தோம். அப்பா ரிட்டயர் ஆனதிலிருந்தே மதியத்தில் சத்தம் கேட்குமாம். அம்மா வேலையில் இருக்கும் நேரம் அது. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து அவள்தான் வாசிக்கிறாள் என்று இருந்துவிட்டாராம்.

"ஒரே வரிதான் அக்கா. தினம் ஒரே இடத்துல சறுக்கும். உங்களுக்குக் கை தளர்ந்துபோச்சுன்னு நினைச்சு நான் வாயே திறக்கல."

"அது நான்னா நினைச்சீங்க?" அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

பிறகு எந்த வரி என்று கேட்டாள். அவர் கூச்சத்தோடு முனகிக் காட்டினார். மாடியேறும்போது சொன்னாள்: "கஷ்டமான இடம்தான். சுண்டுவிரல் எட்டாது. யாரு சொல்லிக்குடுத்திருப்பாங்க?"

அந்தத் தடத்தைத் தேய்த்துச் சமமாக்கட்டுமா என்று கேட்டேன்.

"கை வைக்காத. நான் தள்ளிக் கடிச்சுக்கிறேன்."

மவுத்பீஸில் பொருத்தும் நாணல் ரீடை எடுத்து வாயில் வைத்து நனைத்தாள். பிறகு அதை வெளியே எடுத்துவிட்டுச் சொன்னாள்: "முடிச்சதும் நீதான் கழுவணும். வெந்நீரை ஊத்தித் தொலைக்காத."