மெட்டுப் பாதையில் என் நெஞ்சு

முதலில் வந்தது வலி அல்ல, ஓர் இறுக்கம். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வயல் வரப்பில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். நடுநெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றியது போலிருந்தது. நின்றேன், விட்டுப்போனது. நடந்தேன், திரும்பி வந்தது.

என் கணவர் மாட்டுவண்டியில் கம்பத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் என் புஜத்தில் துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். கண்ணாடிக் குழலில் பாதரசம் ஏறியது. வண்டியின் ஆட்டம் இன்னும் உடம்பில் இருந்தது. வேறு யாருக்கோ நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமனிகள் (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்கள்) விறைத்துவிட்டன என்றார்.

"இளசான குழாய், ரத்தம் வர்றப்ப விரிஞ்சு கொடுக்கும். உங்களுக்குக் கொடுக்க மாட்டேங்குது. அதனால நெஞ்சு ஒவ்வொரு தடவையும் முட்டித் தள்ளுது. நெஞ்சுக்கும் ரத்தம் வேணும்ல? அதுக்குப் போற குழாயும் விறைச்சுச் சுருங்கியிருக்கு."

விறைப்பை மாற்ற மருந்தில்லை. உப்பைக் குறைத்து ஓய்வெடுக்கச் சொன்னார். இறுக்கம் வந்தால் நாக்கின் அடியில் வைக்க ஒரு சிறு மாத்திரை (குழாயைச் சற்று நேரம் தளர்த்துவது) கொடுத்தார். அதை வைத்தால் தலை விண்விண்ணென்று தெறிக்கும். நெஞ்சு மெல்ல அவிழும். அந்த மாதங்களில் பகலெல்லாம் பாதி உறக்கம். வாய்க்கால் ஓசை கேட்டால், அது வெளியிலா எனக்குள்ளா என்று தெரியாது.

என் மகள் பேச்சி கம்பமெட்டுக்கு (மலைக்கணவாய்) மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமியார் இல்லாத வீடு. இரண்டாம் பிரசவம் நெருங்கியது. போகவே கூடாதா என்று டாக்டரைக் கேட்டேன்.

"போங்க. ஆனா பழைய நடையில ஏறுனா மேல போய்ச் சேர மாட்டீக. இறுக்கம் வர்றதுக்கு முந்தியே உக்காந்துரணும்."

கணவர் துணைக்கு வந்தார். முன்பு மூச்சு வாங்காமல் நான் ஏறிய மலைப்பாதை அது. இப்போது பாறைக்குப் பாறை உட்கார்ந்தேன். பின்னால் வந்த தோட்டத்து ஆட்களெல்லாம் எங்களைத் தாண்டிப்போனார்கள். கீழே பள்ளத்தாக்கு மஞ்சில் மறைந்து, திரும்பத் தெரிந்தது. ஓரிடத்தில் மாத்திரை வைத்துக் கண்ணை மூடினேன். விழித்தபோது காலையா மாலையா என்று புரியவில்லை. பதற்றமும் இல்லை, அது எனக்கே புதிதாக இருந்தது. கணவர் பக்கத்தில் இருந்தார்.

போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து, குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டு மலையாளத்துப் பெண்தான் பிரசவம் பார்த்திருக்கிறாள்.

"பிந்திட்டேன் பேச்சி" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உசுரோட வந்திருக்கியே ஆத்தா. உக்காரு."

இதை வாசிக்கும் உங்கள் நெஞ்சிலும் அந்த இறுக்கம் இருக்கலாம். என் தமனிகள் திரும்ப இளகவில்லை. உடம்பு நிறுத்தும் இடத்தில் நிற்கிறேன். அப்படி நிற்கும் நேரத்தை முன்பெல்லாம் வீண் என்று நினைத்திருப்பேன். அதுவும் ஆயுள்தான்.