தடத்தில் வந்த மாப்ள

டிசம்பர் 27, சனிக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து டிகாஷன் இறக்கினேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, அடுத்த வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கினேன். அதன் பிறகு காளவாசல் வரை நடந்து காய்கறி வாங்கி வருவது என் சனிக்கிழமை வேலை. அன்று அதை என் மனைவியிடம் விட்டுவிட்டு, அவளுடைய பழைய சேலைகளை ஒரு கட்டைப்பையில் அடுக்கிக்கொண்டு உசிலம்பட்டி பஸ் ஏறினேன். அங்கிருந்து பேரையூர் ரோட்டில் போனால் என் சகலையின் ஊர். மனைவியின் அக்கா வீட்டுக்காரர் அவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆனாலும் இருவருக்கும் பேச்சில் 'சகலை'தான்.

ஓடைக்கரைக் கொல்லையில் அவர் மக்காச்சோளம் போட்டிருந்தார். கதிரில் பால் பிடிக்கும் நேரம். காட்டுப்பன்றிக்கு அந்த வாசம் எப்படித்தான் தெரியுமோ, மலையடிவாரத்தில் இருந்து ஒரு கூட்டம் இறங்கி ஓடைக்குள் சீமைக்கருவேலம் புதரில் வந்து படுத்துவிட்டது. போன வருடம் கடலை போட்டிருந்தார்கள். பன்றிக்கூட்டம் ஒரே வாரத்தில் கொல்லை முழுவதையும் தோண்டிப்போட்டுவிட்டுப் போனது. இந்தத் தடவையும் அப்படி ஆனால், நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விடுவது என்று அவர் மனைவி, என் மதினி, தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அங்கே பனியன் கம்பெனியில் இருவருக்கும் வேலை தயாராக இருந்தது. சகலைக்குப் போக விருப்பமில்லை. மறுத்துப் பேசவும் அவரிடம் நியாயமில்லை.

அன்று சாயங்காலம் பன்றிகளை ஓடையில் இருந்து கிளப்பி மலைப்பக்கம் விரட்டுவதாக ஏற்பாடு. ஊரில் அதை வேட்டை என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் துப்பாக்கியும் கிடையாது, கண்ணியும் கிடையாது. கொன்றால் கேஸ் ஆகும். தகரம், வெடி, நாய், தொண்டை, இவைதான் ஆயுதம். நான் இதுவரை காட்டுப்பன்றியைப் பார்த்ததுகூட இல்லை. ஆள் குறைகிறது என்று சகலை போனில் சொன்னதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சேலைகள் கொல்லையைச் சுற்றிக் கட்டுவதற்கு. வண்ணச் சேலை காற்றில் ஆடினால் ஆள் நிற்பதாக எண்ணிப் பன்றி அண்டாது என்பார்கள். நான் எல்லாவற்றையும் துவைத்து, நிறவாரியாக மடித்துக் கொண்டுபோயிருந்தேன். மதினி பையைத் திறந்து பார்த்து, பன்னிக்குச் சீர்வரிசை கொண்டாந்திருக்கீங்களே தம்பி என்று சிரித்தார். நடுவில் இருந்த ஒரு மாம்பழக் கலர் சேலையை மட்டும் உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டார். தங்கச்சி வளைகாப்புக்குக் கட்டியதைப் பன்னி பார்க்க வேண்டாமாம்.

ஓடை கொல்லைக்கு வடக்கே ஓடுகிறது. ஆட்கள் கிழக்கே இறங்கிச் சத்தம் போட்டு வருவார்கள். பன்றிகள் மேற்கே மலைக்கு ஓட வேண்டும். நடுவில் கொல்லைக்குள் நுழைய ஓர் ஒற்றையடித் தடம் உண்டு. அதன் குறுக்கே ஒரு சேலையைக் கட்டி, என்னை அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள். இந்தப் பக்கம் திரும்பினால் தகரத்தைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. சகலையும் அடுத்த கொல்லைக்காரரும் மற்ற சிலரும் ஓடைக்குள் இறங்கினார்கள். அடுத்த கொல்லைக்காரரை ஊரே 'மாப்ள' என்றுதான் கூப்பிடும். காலையில் இருந்து நானும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் வெடி வெடித்தது. நாய் குரைத்தது. தகரச் சத்தம் மெல்ல மெல்ல நெருங்கியது. எனக்கு நேர் எதிரே புதருக்குள் முள் முறியும் சத்தம் கேட்டது. அப்போது சகலையின் குரல்:

"மாப்ள வாரான் சகலை! தடத்துக்குத்தான் வாரான், பாத்துக்கங்க!"

பாவம், முள்ளில் கிழிபட்டு வருகிறாரே என்று நினைத்தேன். தகரத்தைக் கீழே வைத்தேன். ஆள் குனியாமல் வரட்டும் என்று சேலை முடிச்சை அவிழ்த்து, ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்தது பெரிய பன்றி ஒன்று. பின்னாலேயே நான்கைந்து குட்டிகள். கடைசிக் குட்டி என் முழங்காலில் உரசிக்கொண்டு போனது. சேலையைக் கீழே விடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. எல்லாம் போய் முடியும்வரை கல்யாண மண்டப வாசலில் வரவேற்க நிற்பவன்போல நின்றேன்.

மூச்சு வாங்க வந்த சகலை, என் கையில் இருந்த சேலையைப் பார்த்தார். மாப்ளைக்காகத் திறந்தேன் என்றேன். அந்த மாப்ள அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். வேட்டையில் இறங்கினால் பன்னி என்று பேர் சொல்ல மாட்டார்கள், சொன்னால் சாடை தெரிந்து திரும்பிக்கொள்ளுமாம். அதற்கும் 'மாப்ள' என்றுதான் பேர். எனக்குச் சொல்ல மறந்திருக்கிறார்கள்.

"கூப்பிடாம வருவான், வந்தா வயிறு முட்டத் திங்காமப் போக மாட்டான். அப்ப மாப்ளதானே சகலை" என்றார் சகலை. பிறகு, "நாம ரெண்டு பேரும் நம்ம மாமனார் வீட்ல என்னத்தச் செஞ்சோம்?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சோளத்தின் பூக்கள் அசைந்து அசைந்து உள்ளே போவது கரையில் இருந்தே தெரிந்தது. மதினி எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக வரப்பில் ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், அப்படியே சோளத்தின் பக்கம் திரும்பித் தட்டைத் தட்டத் தொடங்கினார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மேற்கு ஓரத்துச் சேலைகளை அறுத்து வழி விட்டார்கள். நாங்கள் கிழக்கே இருந்து ஆளுக்கொரு பாத்தியில் நுழைந்தோம். தோகை கையையும் கழுத்தையும் அறுத்தது. பக்கத்துப் பாத்தியில் மதினியின் தட்டுச் சத்தம், அதற்கு அடுத்து சகலையின் குரல். யாரையும் பார்க்க முடியவில்லை, ஆனால் யார் எங்கே வருகிறார்கள் என்பது தெரிந்தது. நானும் கத்தினேன். அலுவலகத்தில் குரல் உயர்த்தாத ஆள் நான். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. பொழுது சாயும் முன்பே பன்றிகள் மேற்கே வெளியேறி மலைப்பக்கம் ஏறின.

சேதத்தைப் பார்க்க வெளிச்சம் போதவில்லை. சாப்பிடும்போது, என்னாலதான் மதினி என்றேன். விடியட்டும் தம்பி என்று மட்டும் சொல்லி, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

மறுநாள் முகம்கூடக் கழுவாமல் மூவரும் கொல்லைக்குப் போனோம். பன்றிகள் ஓடிய பாத்திகளில் சோளத்தட்டைகள் சாய்ந்திருந்தன, பெரும்பாலும் முறியவில்லை. ஓரிடத்தில் மட்டும் நின்று தின்றிருக்கின்றன. ஒரு சின்ன அறை அளவுக்குத் தரையோடு தரையாகக் கிடந்தது. மதினி அதன் நடுவில் வெகுநேரம் நின்றார். திருப்பூர் என்று சொல்லிவிடுவாரோ என்று சகலை தள்ளியே நின்று ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினி பக்கத்துத் தட்டையில் ஒரு கதிரை உரித்து நகத்தால் அழுத்தினார். பால் பீச்சியது. சாய்ந்திருந்த இரண்டு தட்டைகளை நிமிர்த்தி மண்ணை மிதித்துவிட்டார்.

"இன்னும் ஒரு தண்ணி விட்டாத்தான் மணி பிடிக்கும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

சகலை திரும்பினார். அவர் கால் எடுத்து வைப்பதற்குள் நான் வரப்பில் நடந்து மோட்டார் ரூமுக்குப் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.