நீலக் கயிற்றில் நான் போட்ட முடிச்சு

நைலோன் கயிறு எரிகிற மணம் தெரியுமா உங்களுக்கு? மெழுகுதிரியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகுகிற மாதிரி இருக்கும்... எனக்கு அந்த மணம் வந்தால் இப்பவும் எழும்பி வெளியே போய்விடுவேன்.

எட்டாம் வகுப்பு படித்த நேரம். திருகோணமலையில் துறைமுகத்தைப் பார்த்தபடி எங்கள் வீடு. அப்பாவுக்கு ஒரு சின்ன போட்டும், நினைத்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகிற ஒரு கிழட்டு என்ஜினும் இருந்தன.

பள்ளிக்கூட எக்ஸிபிஷனுக்கு எல்லாரும் ஒரு தறி செய்து, அதில் எதையாவது நெய்து கொண்டு வரவேண்டும். கடையில் ஒன்றும் வாங்கக்கூடாது, வீட்டில் கிடக்கிற சாமான்தான் என்று டீச்சர் சொல்லிவிட்டா.

நான் உடைந்த யன்னல் சட்டத்தில் மேலும் கீழும் வரிசையாக ஆணி அடித்தேன். குறுக்கே ஓட்ட அம்மாவின் பழைய சேலையைக் கிழித்த கீலங்கள் இருந்தன. ஆனால் மேலிருந்து கீழே இழுத்துக் கட்டுகிற பாவு நூல்தான் சரிவரவில்லை. தையல் நூல் அறுந்தது. சணல் தொய்ந்தது.

வீட்டுக்குப் பின்னால், கோடிப்புறத்தில் அப்பாவின் நங்கூரக் கயிறு சுருட்டிக் கிடந்தது. நல்ல நீல நிறம். புரியைப் பிரித்தால் பளபளவென்று இழை இழையாக வரும்...

கேட்டிருக்கலாம். கேட்கப் பயம். அப்பா அடிக்கிற ஆள் இல்லை, ஆனால் கடல் சாமானில் கை வைத்தால் ஒரு பார்வை பார்ப்பார். அது போதும்.

கயிற்றின் ஒரு நுனி நங்கூரத்தோடு இருந்தது. மற்ற நுனியில் போட்டில் கொளுவுகிற வளையம். இரண்டும் அப்பாவின் கைவேலை, தொட்டால் பிடிபட்டுவிடுவேன். அதனால் நடுவில் வெட்டினேன்! கைகளை விரித்து அளந்து இரண்டு பாகம் எடுத்துக்கொண்டு, வெட்டின முனைகளை அப்பா செய்கிற மாதிரியே நெருப்பில் காட்டி உருக்கினேன். பிறகு அந்த இரண்டு முனையையும் சேர்த்து, காலில் சப்பாத்து நூல் கட்டுகிற மாதிரி ஒரு முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கி, சுருளுக்குள் ஒளித்துவிட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

பின்னேரம் முழுக்கப் பாவு கட்டினேன். தறி வீணை மாதிரி விறைத்து நின்றது.

அடுத்த நாள் விடிகிறதுக்கு முதலே அப்பா கடலுக்குப் போய்விட்டார். நான் தறியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

இரண்டாம் பாடம். டீச்சர் என் தறிக்குப் பக்கத்தில் வந்து, இறுக்கம் பார்க்க ஒரு விரலால் பாவை அமத்தினா. கடைசி ஆணியில் நான் போட்ட முடிச்சு மெதுவாக... பாம்பு நழுவுகிற மாதிரி... தானாகக் கழன்று வந்தது. முழுப் பாவும் தொய்ந்துபோனது.

"நைலோன் வழுகும் பிள்ளை. இந்த முடிச்சு அதில நிக்காது" என்றா டீச்சர்.

அதே முடிச்சு. அப்பாவின் நங்கூரத்துக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்தது அதே முடிச்சு.

வயிற்றுக்குத்து என்று பொய் சொல்லிவிட்டு ஓடினேன். கரையில் போட்டுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அப்பாவைக் காணவில்லை. அன்றைக்கென்று ஒரு பெரிய கோதுமைக் கப்பல் துறைமுக வாயிலால் உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்த வழியில் என்ஜின் இல்லாமல் ஒரு சின்னப் போட் அகப்பட்டால்... எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

வலை இறக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ராசன் மாமாவிடம் அப்பாவைக் கேட்டேன்.

"விடிய வாயில் பக்கம் நங்கூரம் போட்டவர். பிறகு பாக்கேக்க அந்த இடத்தில இல்லை."

வெயில் உச்சிக்கு வந்தது. அம்மாவிடம் போய்ச் சொல்லவும் ஏலாது, நிற்கவும் ஏலாது. மண்ணில் குந்தியிருந்து, தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன்.

கடைசியில் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் நானா ஒருவரின் போட் வந்தது. அதன் பின்னால், இழுபட்டுக்கொண்டு, எங்கள் போட். அதில் அப்பா இருந்தார்.

நங்கூரம் போய்விட்டது. என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. கப்பலின் வழியை விட்டு விலகத் துடுப்பு வலித்து வலித்து, அப்பாவின் இரண்டு உள்ளங்கையும் உரிந்து சிவந்திருந்தன. என்ன நடந்தது என்று எல்லாரும் கேட்டார்கள்.

"கல்லில உரஞ்சி அறுந்து போச்சு" என்றார் அப்பா.

அப்பாடா, தப்பினேன் என்றுதான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது சொல்ல. அன்று இரவு அம்மா அந்தக் கைகளுக்கு மருந்து போடும்போது நான் போர்வைக்குள் அழுதேன். ஆனால் வாய் திறக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை... இருபத்திரண்டு வருசம்.

இன்றைக்கு என் மகளுக்கும் அதே மாதிரி ஒரு ப்ராஜெக்ட். ஃபேன் வந்த கார்ட்போர்ட் பெட்டியில் தறி, பழைய டீசேர்ட் கீலம், யூடியூப் பார்த்து நெசவு. பாவுக்கு அவளும் கயிறு தேடினாள். நேரே போய், "அம்மப்பா, உங்கட நீலக் கயித்தில கொஞ்சம் வெட்டித் தாங்கோ" என்றாள். அவ்வளவுதான். அப்பாவும் வெட்டிக் கொடுத்தார். எனக்கு ஏன் அந்த ஒரு வசனம் அப்போது வாயில் வரவில்லை?

அவள் இழையைப் பிரித்து, சப்பாத்து நூல் கட்டுகிற மாதிரி முடிச்சுப் போடத் தொடங்கினாள். நான் அடுப்பை விட்டுக் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரையில் உட்கார்ந்திருந்த அப்பா குனிந்து அவளின் கையிலிருந்து இழையை வாங்கினார்.

"விடு பிள்ளை, நான் முடியிறன். உன்ர அம்மாட முடிச்சு வழுகும்."

நான் நெருப்பில் உருக்கின அந்த நுனி அன்றைக்கே அப்பாவின் கையில் இருந்திருக்கிறது. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. மிச்சக் கயிற்றின் நுனியை உருக்க வேண்டும் என்று என்னிடம் நெருப்புப்பெட்டி கேட்டார்.