ஏழாம் வீட்டுப் பலாவுக்கு ஓர் ஆள்

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே ஒரு வாரம் வருகிறதே, அது குடும்பம் இருப்பவர்களின் வாரம். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மாமியார் வீடு, மச்சான் வீடு என்று கிளம்பிவிடுவார்கள். ஆண்டுதோறும் அந்த வாரத்தில் நான் மட்டும் வேலைக்குப் போய், குளிர்சாதனத்தின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடந்த டிசம்பரில் அது போதும் என்று தோன்றிவிட்டது.

அந்த நேரத்தில்தான் முகநூலில் யாரோ பகிர்ந்திருந்த ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டது. மார்கழி விடியற்காலைக் கூடல். பாட்டு, கொஞ்ச நேரம் மௌனம், பிறகு ஓடைக்கரையில் மரம் நடுதல். பிளாஸ்டிக் எதுவும் கொண்டுவரக் கூடாது. தட்டும் டம்ளரும் அவரவர் கொண்டுவர வேண்டும். இடம் ஈப்போ பக்கத்தில், லகாட்டைத் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டம். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நிர்வாகத்தோடு இன்னும் பேச்சு நடந்துகொண்டிருப்பதால் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அங்கே பிறந்தவர்களுக்கு நான் சொல்லாமலே தெரியும்.

நம் நாட்டில் ஏது குளிர்காலம் என்று கேட்பவர்கள், மார்கழியில் ஒரு நாள் விடியுமுன் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைக் காட்டுக்குள் நின்று பார்க்கலாம். இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த பின் வரும் அந்த ஈரக் காற்று எலும்பு வரைக்கும் போகும். நான் ஒரு மெல்லிய துப்பட்டாவை நம்பிப் போனேன். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி ரயிலில் கோலாலம்பூரிலிருந்து (எங்கள் பேச்சில் கேயெல்) கிளம்பி, பதினொன்றரைக்கு ஈப்போவில் இறங்கினேன். டிக்கெட் நாற்பத்தாறு வெள்ளி, அதாவது ரிங்கிட். பழைய நகரத்தில், நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில், ஒரு சின்ன ஹோட்டலில் தொண்ணூற்றெட்டு வெள்ளிக்கு அறை. ஒருவருக்கும் அதே விலை, இருவருக்கும் அதே விலை. தனியாகப் பயணம் போகிறவர்கள் உலகத்துக்குக் கட்டும் வரி இது. மதியம் தவ்கே கோழி, அதாவது அவித்த கோழியும் பயற்றமுளையும், சாப்பிடப் போன இடத்தில் கடைக்காரப் பெண்மணி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “எத்தனை பேர்?” என்று மலாயில் கேட்டார். ஒருவர்தான் என்றதும் சுவரோர மேசையைக் காட்டினார். கோழி நன்றாகத்தான் இருந்தது, பதினான்கு வெள்ளி.

மாலையில் குனோங் ராபாட் பக்கம் போய்ச் சுண்ணாம்பு மலைகளைப் பார்த்துவிட்டு, சாலையோரக் கடையில் ஒரு பெரிய பம்பளிமாஸ் பழம் வாங்கினேன். பன்னிரண்டு வெள்ளி. வாங்கிக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது, இதை ஓர் ஆள் உட்கார்ந்து தின்று முடிக்க முடியாது. அறைக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். இரவு முழுக்க அது அங்கேயே இருந்தது, நானும் உரிக்கவில்லை. காலையில் அறையைக் காலி செய்தபோது பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு, கைப்பேசியில் கூப்பிட்ட கார் வந்தது. பத்தொன்பது கிலோமீட்டர், முப்பத்திரண்டு வெள்ளி. ஓட்டுநர் லகாட்டுக்காரர், தமிழர்.

“இந்நேரத்துக்கு அங்க என்னா மேடம் இருக்கு? ஒரே செம்பனதான் லா.”

மார்கழிப் பாட்டுக்குப் போகிறேன் என்றேன். உடனே அந்தக் கேள்வி வந்தது.

“ஓ, நீங்க அந்தத் தோட்டமா?”

நம்மவர்கள் இருவர் சந்தித்தால் பெயருக்கு முன்னால் தோட்டத்தைத்தான் கேட்கிறோம். தோட்டம் போய் இரண்டு தலைமுறை ஆனாலும் கேட்கிறோம். நான் தைப்பிங்கில் ஓர் இல்லத்தில் வளர்ந்தவள். என்னை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்பது இல்லத்துக்கும் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் அந்தக் கேள்விக்குச் சுருக்கமாக ஒரு பதில் கண்டுபிடிக்கவில்லை. “இல்லண்ணே, சும்மா பாக்கப் போறேன்” என்றேன். அவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வானொலியைப் போட்டார்.

சாலை முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில். தகரக் கூரை, ஒரு குழல்விளக்கு, நாற்பது பேர் இருக்கலாம். மஞ்சள் மழைச்சட்டை போட்ட ஓர் அம்மா என்னைப் பார்த்ததும் நேராக வந்தார். பெயர் லெட்சுமி. அறுபதைத் தாண்டியவர், குனோங் ராபாட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறார். கூடலை நடத்துவது அவர்தான் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“வாங்க வாங்க. பசியாறிட்டீங்களா? எந்த வீடு நீங்க?”

“எந்த வீடும் இல்லக்கா. இந்தத் தோட்டமும் இல்ல, வேற தோட்டமும் இல்ல. இல்லத்துல வளந்தேன்.”

இதைச் சொன்னால் வழக்கமாக ஒரு ‘அச்சச்சோ’ வரும். லெட்சுமி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப நல்லதாப் போச்சு. ஏழாம் வீட்டுக்கு ஆள் இல்ல. நீங்க நில்லுங்க.”

என் பிறப்பைப் பற்றி ஒருவர் ‘நல்லதாப் போச்சு’ என்று சொன்னது அன்றுதான்.

விஷயம் இதுதான். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது, ஓடைக்கரையில் வரிசையாக இருந்த தொழிலாளர்களின் லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு ஒன்றாக வாசலில் வளர்த்த மா, பலா, ரம்புத்தான், வேம்பு மட்டும் எப்படியோ தப்பிவிட்டன. மொத்தம் பத்து மரங்கள். இப்போது அந்தச் செம்பனையும் கிழடாகிவிட்டது. பிப்ரவரியில் எல்லாவற்றையும் சாய்த்துவிட்டு மறுபடி நடப்போகிறார்கள். அந்தப் பத்தும் போனால் கரை சரிந்து, சேறு முழுக்கக் கீழேயுள்ள வீடுகளுக்குப் போகும். அதனால் அவற்றை விட்டுவிடச் சொல்லி, அந்த லயங்களில் பிறந்து வளர்ந்த இந்த மக்கள் நிர்வாகத்திடம் நடையாய் நடந்தார்கள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதம் கிடைத்தது. மரத்துக்கு ஓர் ஆள் பொறுப்பேற்க வேண்டும். ஆண்டுதோறும் மார்கழிக் கூடலன்று அந்த ஆள் மரத்தடியில் நிற்க வேண்டும். தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் வந்து பார்த்து, ஆள் நிற்கும் மரத்தில் வெள்ளை வளையம் அடிப்பார். வளையம் இல்லாத மரத்தை இயந்திரம் எடுத்துவிடும்.

“ஏழாம் வீட்டுல நாலு பிள்ளைங்க” என்றார் லெட்சுமி அக்கா, நடந்துகொண்டே. “நானே நாலு பேருக்கும் போன் போட்டேன். மூத்தவன் சொல்றான், தங்கச்சி வரும்னு. தங்கச்சி சொல்லுது, தம்பி லூமுட்லதான இருக்கான், அவனுக்குத்தான் கிட்டன்னு. லூமுட்காரன் சொல்றான், அண்ணன் இருக்கிறப்ப நான் முன்னுக்கு வந்து நின்னா மரியாதையா இருக்காதுன்னு. நாலாவது போனே எடுக்கல. யாருக்கும் யாரு மேலயும் கோவம் இல்ல லா. ஒருத்தர் வருவாங்கன்னு ஒருத்தர் உக்காந்திருக்காங்க.”

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. நான்கு பேர் இருக்கும் வீட்டில்தான் இப்படி ஒருவரும் வராமல் போக முடியும். நான் ஒருத்தி என்பதால் எனக்கு அந்த வசதியே இல்லை.

அவரவர் மரத்தடிக்கு அவரவர் போய்விட்டார்கள். சிரட்டையில் ஏற்றிய ஒரு விளக்கை என் கையில் கொடுத்து, “பாட்டுக்காரங்க வந்து ‘வீட்டுல ஆளு இருக்கா’ன்னு கேப்பாங்க. இருக்கோம், வாங்கன்னு சொல்லுங்க. மண்டோர் கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிருங்க” என்று சொல்லிவிட்டு, லெட்சுமி அக்கா தன்னுடைய நான்காம் வீட்டு வேம்புக்குப் போனார். ஆறரை மணி வரைக்கும் கும்மிருட்டுதான். தூறல் வேறு. நூறடி தள்ளி, கூடை உயர்த்தியபடி ஒரு மண்வாரி இயந்திரம் நின்றிருந்தது. பலாவின் அடிமரத்தைத் தடவிப் பார்த்தேன். ஆணி அடித்த ஒரு பழைய தழும்பு இருந்தது. என்ன மாட்டியிருப்பார்களோ, தெரியாது.

கொஞ்ச நேரத்தில் மற்ற விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. சுவரும் கதவும் இல்லாமல் பத்து வாசல்கள் வரிசையாக இருந்தன, நடுவில் ஒன்று என்னுடைய பொறுப்பில். என் வாழ்க்கையில் எத்தனையோ வீட்டு வாசல்களில் நின்றிருக்கிறேன், எல்லாமே வெளியிலிருந்து அழைப்புமணியை அழுத்தி நின்றவை. உள்ளே இருந்துகொண்டு ஆள் வருவதற்குக் காத்திருந்ததில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட தனிமை, ஈப்போ ஹோட்டலில் இருந்ததைவிடப் பெரியது. அழுகை வந்தது, அழுதேன். இருட்டில் யாருக்குத் தெரியப் போகிறது.

பாட்டுக்காரர்கள் மிருதங்கம், கைத்தாளத்தோடு ஒவ்வொரு மரமாக நின்று வந்தார்கள். ஒரு பாட்டு, பிறகு ஒரு நிமிட மௌனம். மௌனத்தின்போது ஓடைச் சத்தம் மட்டும். வீட்டுக்காரர்கள் அவர்களுக்கு ஏதாவது கொடுப்பது வழக்கமாம். ஆறாம் வீட்டில் கடலைச் சுண்டலின் வாசனை வந்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. கையில் என்ன இருக்கிறது என்று பையைத் துழாவினேன். பம்பளிமாஸ் இருந்தது.

“வீட்டுல ஆளு இருக்கா?”

“இருக்கேன், வாங்க” என்றேன். பாடினார்கள். பழத்தை நீட்டியதும் முன்னால் நின்ற தாளக்காரர், “அடேயப்பா, ஏழாம் வீடு இந்த வருசம் பெரிய கையி” என்று வாங்கிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அவர்களுக்குப் பின்னால் மண்டோர் வந்தார். ராஜு என்று பெயர், ரப்பர் பூட்ஸ், ஒரு கையில் சாயத் தகரம். மனிதர் சிரிக்கவில்லை.

“ஏழுக்கு யாரு?”

சொந்தக்காரி என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அந்தச் சொல்லை நான் யாரைப் பற்றியும் சொன்னது கிடையாது, பொய்யாகச் சொல்லக்கூடப் பழக்கமில்லை.

“இந்த வீட்டுக்காரங்க யாரும் வரலண்ணே. எனக்கும் இந்த வீட்டுக்கும் ஒண்ணும் இல்ல. கேயெல்லுலேருந்து வந்தேன். நிக்கச் சொன்னாங்க, நிக்கிறேன்.”

உள்ளதைச் சொல்கிறேன் பேர்வழி என்று ஒரு மரத்தைக் கொன்றுவிட்டேனோ என்று தோன்றியது. நான்காம் வீட்டிலிருந்து லெட்சுமி அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜு இயந்திரத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பிறகு என்னை.

“ஆபீஸ்ல எனக்குச் சொன்னது ஒண்ணுதான். மரத்துக்கு ஆள் வேணும். ரத்த சொந்தம் வேணும்னு சொல்லல. ஆனா நான் இப்ப அடிச்சிட்டுப் போயி, வர்ற வருசம் இங்க ஆள் இல்லேன்னா என்னையத்தான் கேப்பாங்க. வருவீங்களா?”

“வாரேன்.”

“வருசா வருசம்?”

“வருசா வருசம் வாரேண்ணே.”

அவர் குனிந்து வளையத்தை அடித்தார். மழை ஈரத்தில் சாயம் ஒழுகியதால் இரண்டு முறை அடிக்க வேண்டியிருந்தது.

விடிந்த பிறகு கோயிலில் சர்க்கரைப் பொங்கல். டம்ளர் கொண்டுபோகாத இரண்டு பேருக்கு லெட்சுமி அக்காவிடம் நல்ல பாட்டு கிடைத்தது. பம்பளிமாஸை உரித்துச் சுளை சுளையாகப் பங்கிட்டார்கள், எனக்கும் ஒரு சுளை வந்தது. பிறகு ஒன்பது மணிவரை ஓடைக்கரையில் கன்று நட்டோம், சேற்றில் சிக்கியிருந்த பைகளையும் போத்தல்களையும் பொறுக்கினோம். அக்கா தன் வேனிலேயே என்னை ஈப்போ நிலையத்தில் விட்டார். வழியில் வேனை ஓரங்கட்டி, லூமுட் தம்பிக்குப் போன் போட்டார், ஒலிபெருக்கியில்.

“தம்பி, ஒங்க பலா நிக்கிது. ஆள் நின்னாச்சு.”

“அப்படியாக்கா? அண்ணன் வந்தாரா?”

“இல்ல.”

“அப்ப அக்காவா?”

“அதுவும் இல்ல.”

“அப்ப யாருக்கா?”

லெட்சுமி அக்கா என்னைப் பார்த்தார். “வந்து பாரு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். கூடல் மார்கழி ஞாயிறுகளில் நடக்கிறது, ஆனால் மரத்தடியில் நிற்பது ஒரு ஞாயிறு மட்டும்தான். பின்னூட்டத்தில் கேட்டால் லெட்சுமி அக்காவிடம் சொல்லி வழி அனுப்புகிறேன். போகும்போது கார் கிடைக்கும், திரும்பக் கிடைக்காது. உள்ளே கைப்பேசி அலைவரிசை இல்லை. வேனில் இடம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கனமான மேலாடை, பூட்ஸ், தட்டு, டம்ளர், கொசு மருந்து அவசியம். தனியாகப் போகும் பெண்களுக்குப் பயமில்லை. எனக்கு எல்லாம் சேர்த்து, திரும்பும் ரயிலோடு, முந்நூறு வெள்ளிக்குள் முடிந்தது.

ஏழாம் வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரில் யாராவது இதைப் படிக்கக்கூடும். மரம் உங்களுடையது. வளையம் அடித்தாகிவிட்டது, பிப்ரவரியில் அதைத் தொடமாட்டார்கள். அடுத்த மார்கழிக்கு நீங்கள் வந்தால், விளக்கை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்காரர்களோடு போய் நின்றுகொள்கிறேன். அதுதான் நியாயம். வாருங்கள், நால்வருமே வாருங்கள். ஆனால் வருவதாக இருந்தால் எனக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அங்கே போய் நின்ற பிறகு அதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தெம்பு இல்லை.