ரேடியோவில் ஆறு பேர்

உஸ்தீனாவின் வீட்டு நிலவறையில் ஒரு பக்க அலமாரி முழுக்க இன்னும் ஊறுகாய் பாட்டில்கள்தான். வெள்ளரி, தக்காளி, முட்டைக்கோஸ். எதிர்ப்பக்க அலமாரியில் ரத்தம் நிறுத்தும் பட்டைகள், காயத்துணிச் சுருள்கள், சலைன் பைகள். நடுவில் நீண்ட மேசை. மகள் கல்யாணத்துக்குப் பன்றி வெட்டியது அந்த மேசையில்தான். இப்போது அதன்மேல் பட்டாளத்து டாக்டர் ஆட்களை வெட்டித் தைக்கிறார்.

பட்டாளம் வந்து வீட்டைக் கேட்டபோது அவளைப் போலந்துக்கு, மகளிடம் போகச் சொன்னார்கள். "அங்க போயி பேரனோட பிளாஸ்டிக் வண்டிய எண்ணிக்கிட்டு உக்காரவா? நெலவறை உங்களுக்கு, அடுப்பும் ஊசியும் எனக்கு" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

டாக்டர் இல்லாத அந்தக் கிராமத்துக்கு முப்பது வருஷம் அவள்தான் மருத்துவ உதவியாளர். பிரசவம் பார்த்தாள், குடித்துவிட்டு விழுந்தவர்களின் விலா எலும்பைக் கட்டினாள், மடி வீங்கிய மாட்டுக்கும் மருந்து போட்டாள். பக்கவாதத்தில் விழுந்த கணவனை இரண்டு குளிர்காலம் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் ஒரு புண் வராமல் வழியனுப்பிவைத்தாள். அழுதாளா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மறுநாள் மெத்தையை வெயிலில் போட்டதைப் பார்த்தவர்கள் உண்டு.

போருக்கு வந்த பிள்ளைகள் அவளை அத்தை என்றார்கள். அவர்களில் யுகிம் என்பவன் வாயாடி. பட்டாளத்தில் அவன் பெயர் பூசணி. அந்தப் பக்கத்து ஊர்களில் பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையென்றால் கையில் ஒரு பூசணிக்காயைக் கொடுத்து அனுப்பிவிடுவாள். யுகிம் மூன்று வாசலில் வாங்கியவன்.

"அத்தை, போலந்துல இருக்கற உங்க பொண்ணுக்கு ஒரு தங்கச்சி இருக்கக் கூடாதா?"

"இருந்திருந்தா நாலாவது பூசணியும் உனக்குத்தான்டா. சூப்பக் குடிச்சிட்டு எழுந்திரு."

பூசணியும், டிராக்டர் ஓட்டுநராக இருந்த மிரோனும், இன்னும் சிலரும் வயலோர மரவரிசைக்குள் வெட்டிய ஒரு பதுங்குகுழியைக் காக்கப் போனார்கள். போய் நாட்கள் ஆகியும் மாற்று ஆள் அனுப்ப முடியவில்லை. அனுப்ப ஆள் இல்லை என்பது ஒன்று. வழி இல்லை என்பது இன்னொன்று. பீரங்கிக்குப் பயந்ததெல்லாம் பழைய கதை. வானம் தெளிந்திருந்தால் வயலில் ஒரு நாய் நடந்தாலும் ட்ரோன் துரத்தி வந்து வெடிக்கும். காயம்பட்டவன் பட்ட இடத்திலேயே கிடப்பான், மூடுபனி இறங்கும்வரை. உயிரைக் காக்கக் கட்டிய பட்டை, அவிழ்க்காமல் கிடந்தே காலைத் தின்றுவிடும். உஸ்தீனா அப்படிப்பட்ட கால்களைப் பலமுறை வாளியில் சுமந்து வெளியே கொண்டுபோயிருக்கிறாள்.

நவம்பரில் ஒரு விடியலில் ரேடியோ கூப்பிட்டது. பூசணிக்குத் தொடையில் காயம். மிரோன்தான் பேசினான். டாக்டரின் இரண்டு கையும் வேறொருவன் வயிற்றுக்குள் இருந்தன. தலையைத் திருப்பாமல், "அத்தை, நீங்க பேசுங்க" என்றார்.

"மிரோனு, பட்டைய எங்க கட்டியிருக்க?"

"இடுப்புக்கிட்ட, அத்தை. ராத்திரியே கட்டிட்டேன். ரத்தம் நின்னுடிச்சு."

"நின்னா போதுமா? அது அப்படியே கெடந்தா கால் போயிரும். காயத்துக்குள்ள துணியத் திணி. நல்லாத் திணிடா, வலிக்குதுன்னு கத்துனாலும் விடாத. ஒருத்தன் ரெண்டு கையாலயும் அமுக்கட்டும். இன்னொருத்தன் பட்டைய இறுக்கற குச்சிய மெதுவாத் திருப்பித் தளத்தணும்."

மிரோன் அவசரமாகக் குறுக்கிட்டான்.

"நானே பண்ணிடறேன், அத்தை."

"உனக்கு எத்தன கை? மத்தவன்ல ஒருத்தனக் கூப்பிடு."

"எல்லாரும் காவல்ல இருக்காங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும். ஆறு பேரும் நல்லா இருக்கோம்."

ஆறு என்பதை அவன் கொஞ்சம் உரக்கச் சொன்னான். பக்கத்துக் குழி ஒன்று விழுந்தபோது அங்கிருந்த ரேடியோவும் எதிரி கைக்குப் போயிருந்தது. அதன்பிறகு யாரும் உள்ள கணக்கைச் சொல்வதில்லை. ஆள் குறைவு என்று தெரிந்தால் அன்றே ஏறி வருவார்கள். எல்லாக் குழியும் கூட்டித்தான் சொல்லும். எவ்வளவு கூட்டுவது, கேட்கிறவர் எவ்வளவு கழிப்பது என்பதை மட்டும் யாரும் யாரோடும் பேசிவைத்துக்கொள்ளவில்லை.

உஸ்தீனா காதைத் தீட்டினாள். பூசணி முனகுவது கேட்டது. வேறு குரல் இல்லை. இதற்கு முன் அந்தக் குழியிலிருந்து பேசும்போதெல்லாம் பின்னால் யாராவது இருமுவார்கள், திட்டுவார்கள், சிகரெட்டுக்குச் சண்டை போடுவார்கள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கேட்கிற காது இன்னொன்றும் இருப்பதால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது.

"சரி. உன் முழங்கால காயத்து மேல வச்சு முழு எடையையும் போடு. கைய வச்சுக் குச்சியத் திருப்பு. ரத்தம் வந்தா மறுபடி இறுக்கு. வரலேன்னா மேல அழுத்திக் கட்டு, பட்டைய லூசாவே விட்டு வை."

பூசணி கத்தியது நிலவறை முழுக்கக் கேட்டது. பிறகு மிரோன், "வரல, அத்தை. நனையல" என்றான்.

"அவன் என்ன சொல்றான்?"

"உங்க வாயே பரவால்லியாம், என் முழங்கால் டிராக்டர் மாதிரி இருக்காம்."

"பொழச்சுக்குவான்" என்று சொல்லி ரேடியோவை வைத்துவிட்டு மேலே சமையலறைக்கு ஏறினாள். கேப்டன் நசார் அங்கே வரைபடத்தை விரித்துவைத்து ஆறிய டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"பனி எறங்கிடுச்சு. குழியில இருக்கறவங்கள்ல ரெண்டு பேரு பூசணியத் தூக்கிட்டு வாய்க்கால் பாலம் வரைக்கும் வருவாங்க. மிரோன்கிட்ட சொல்லிட்டேன், அத்தை. சரின்னுட்டான்."

"எந்த ரெண்டு பேரு?"

"ஆறுல ரெண்டு."

"அங்க ஆறு இல்ல. மிரோன் ஒருத்தன்தான் நிக்கறான். பூசணி படுத்துக் கெடக்கான். மத்தவங்க இல்ல."

நசார் கோப்பையை வைத்தான். "நான் நாலுன்னு கழிச்சு வச்சிருந்தேன்."

"மேல என்ன சொல்லியிருக்க?"

அவன் வரைபடத்தை அவள் பக்கம் தள்ளினான். அதில் அந்த மரவரிசைமேல் ஒரு முழுப் பிரிவின் குறி இருந்தது. குழியில் இருவர், ரேடியோவில் ஆறு, தலைமையகத்தில் முப்பது. மேலே போகப் போகப் பட்டாளம் கொழுத்துக்கொண்டே போயிருந்தது.

"தட்டுவண்டிய அனுப்பு" என்றாள் உஸ்தீனா. ரிமோட்டில் ஓடும் சங்கிலிச் சக்கர வண்டி அது. ஒரே ஒரு ஆள் படுக்கலாம். இருந்ததும் ஒன்றுதான்.

"அதுல வடக்குக் குழிக்கு எந்திரத் துப்பாக்கிக்குக் குண்டு ஏத்தியிருக்கு. இன்னிக்குப் போய்ச் சேரலேன்னா அவங்க கத தீந்துச்சு."

"பாதிய வடக்கே வேற எதுலயாவது தூக்கிப் போடு. பெரிய ட்ரோன் இருக்கில்ல? மீதிய மிரோனுக்குக் கொண்டுபோயி எறக்கிட்டு, வரும்போது பூசணியக் கொண்டு வா. ரெண்டு பேரும் எறந்தப்புறம் அந்தக் குழியில இருக்கற மண்ணக் காக்க யார அனுப்புவ?"

"உங்களுக்கு அவன் மேல பாசம், அத்தை."

"பாசமா? அவன எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, வாய் ஓயாது. முழங்கால் மிஞ்சினா கட்டைக்கால் வச்சு நடந்துருவான். முழங்காலும் போனா நாப்பது வருஷம் ஒருத்தி அவனுக்கு மூத்திரச் சட்டி எடுக்கணும். நான் எடுத்திருக்கேன். சும்மா நின்னு பேசாத, பனி கலைஞ்சிரும்."

நசார் வண்டி ஓட்டும் பெண்ணைக் கூப்பிட்டான். பாதிக் குண்டுதான் வரும் என்றதும் வடக்குக் குழிக்காரன் ரேடியோவில் நசாரின் தாயாரை இழுத்துத் திட்டினான்; நசார் கேட்டுக்கொண்டான்.

பனி இருக்கும்போதே வண்டி போய்ச் சேர்ந்தது. திரும்பி வரும்போது வாய்க்கால் அருகில் பனி கிழிந்தது. ஒரு ட்ரோன் வந்து வண்டியின் பின்சக்கரத்துக்கருகே வெடித்தது. சங்கிலி போனபின்னும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே அது பாலத்தடிக்கு வந்துவிட்டது. அங்கிருந்து ஆட்கள் பூசணியை உருட்டிக் காரில் போட்டார்கள்.

மேசையில் ஏற்றியதும் உஸ்தீனா காலணியை வெட்டி எடுத்துவிட்டுப் பாதத்தைத் தொட்டாள். பாதம் கறுத்துக் குளிர்ந்திருந்தது. கெண்டைக்காலில் சூடு இருந்தது.

"கீழ போயிடுச்சு, டாக்டர். முழங்கால் உயிரோட இருக்கு."

"பாக்கறேன்" என்றார் டாக்டர்.

பூசணி அவள் கையைப் பிடித்தான். இந்தமுறை வாயாடவில்லை. "மத்தவங்க எல்லாம் திங்கக்கிழமையே போயிட்டாங்க, அத்தை. ஓரமா வரிசையாப் படுக்க வச்சிருக்கோம். மிரோனு இந்த மூலையில சுடுவான், ஓடிப்போயி அந்த மூலையில சுடுவான், நெறய பேர் இருக்கற மாதிரி. குழிய விட்டுட்டு நீயும் வண்டியில தொத்திக்கடான்னேன். வரமாட்டேன்னுட்டான். குழி காலியானா வடக்குல இருக்கறவங்க முதுகு தொறந்துருமாம். என்னக் கட்டிப் போட்டுட்டுக் குண்டுப் பெட்டிய எறக்கிட்டான்."

"பேசாத. மூச்ச இழு" என்று மயக்க மருந்து முகமூடியை வைத்தாள்.

டாக்டர் முழங்காலைக் காப்பாற்றினார். அதற்குக் கீழே இருந்ததை உஸ்தீனா வாளியில் எடுத்துக்கொண்டு மேலே போனாள். சமையலறையைக் கடக்கும்போது நசார் ரேடியோவில் மரவரிசைக் குழியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எத்தன பேர் இருக்கீங்க?"

இரைச்சல். பிறகு மிரோனின் குரல் தெளிவாக வந்தது.

"ஏழு. ஏழு பேரும் நல்லா இருக்கோம்."

நசாருக்கு இந்தமுறை எவ்வளவு கழிப்பது என்று தெரிந்திருந்தது. "நல்லது" என்றான். தலைமையகத்தைத் தொலைபேசியில் அழைத்து, "அங்க ஒருத்தன்தான் இருக்கான்" என்றான். மறுமுனை ரொம்ப நேரம் கத்தியது. அனுப்ப ஆள் கிடைக்கவில்லை.

உஸ்தீனா தோட்டத்தில் குழி வெட்டி வாளியைக் கவிழ்த்தாள். திரும்பி வந்து மேசையைச் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்தாள், தரையைக் கழுவினாள், அலமாரியில் குறைந்த துணிச்சுருள்களை நிரப்பினாள். மிரோனுக்கென்று ஒரு பட்டையைத் தனியாக எடுத்து மேசை விளிம்பில் தொங்கவிட்டாள்.

மறுநாள் நசார் கேட்டபோது ரேடியோவில் இரைச்சல் மட்டும் வந்தது. அவன் பலமுறை கேட்டான். சாயங்காலம் வடக்குக் குழியிலிருந்து காயம்பட்டவர்கள் வரத் தொடங்கினார்கள். உஸ்தீனா மேசை விளிம்பில் தொங்கிய பட்டையை எடுத்து, முதலில் வந்தவன் கையில் கட்டினாள்.