நாலு விரல் பெரிய சட்டை

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு சிவப்பு டி-சர்ட் இருக்கிறது. கழுத்தில் நீலப் பட்டை. எட்டு வயதுப் பையனுக்கு வெட்டியது. கீழ் விளிம்புக்கு நாலு விரல் மேலே, தையல்காரர்கள் குறி போடும் சாக்கட்டியால் இழுத்த வெள்ளைக் கோடு ஒன்று மங்கலாகத் தெரியும். துவைத்தால் கோடு போய்விடுமென்று நான் அதைத் துவைத்ததே இல்லை. போன வாரம் வெள்ளையடிக்க வந்த பெரியவர் பீரோவை நகர்த்தும்போது அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்களுக்குத்தான் பசங்க இல்லீன்னீங்களே, இது யாருதுங்க?" என்று கேட்டார். "எங்க கட்டிங் மாஸ்டரோடதுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, நல்லூரில் ஒரு லைன் வீட்டில் நான் தனியாக இருந்தேன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அக்காவை ஊத்துக்குளியில் கட்டிக்கொடுத்தாயிற்று. பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பகலெல்லாம் போனில் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஒரு நாதி கிடையாது. அதற்காகத்தான் டிவியில் மாட்டி விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கியிருந்தேன். மாலையில் டிவியில் ஓடும் ஒரு ஜப்பான் சண்டைக் கார்ட்டூனின் ஆட்கள் அதில் வந்து அடித்துக்கொள்வார்கள். இரண்டு ஜாய்ஸ்டிக் கொடுத்திருந்தான் கடைக்காரன். ஒன்றுக்குத்தான் வேலை இருந்தது.

மாஸ்டர் அதே கம்பெனியில் துணி வெட்டுபவர். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். மனைவியும் ஒரே மகனும் ஊரில் இருந்தார்கள். தீபாவளி, பொங்கல் விட்டால் பையனைப் பார்க்க வழியில்லை. ஒரு பங்குனி மாதம் டீக்கடையில் என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார்: "முழுப் பரீச்ச லீவுக்குப் பயல அனுப்புறேன்னு சொல்லிட்டா தம்பி. அவனுக்கு இந்த ஊரு பிடிச்சுப்போச்சுன்னா ஜூன்ல இங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துட்டு அவளும் வந்துருவா. பய சரிங்கணும், அம்புட்டுத்தான். அவன் அந்தச் சண்ட கார்ட்டூன்னா உசுர விடுவான். ஒங்க பெட்டியில அது இருக்காம்ல? எனக்குச் சொல்லிக் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் தொடங்கியது. முதலில் அந்தக் கார்ட்டூனின் சினிமாக்களை விசிடியில் போட்டுப் பார்த்தோம். எல்லாம் ஜப்பான் பாஷை, எங்கள் இருவருக்கும் ஒரு எழுத்துப் புரியாது. மாஸ்டர் விடுவாரா? அவரே கதை சொல்லிக்கொண்டு போவார். தாடி வைத்த ஒரு முரடன் தூரத்திலிருந்து பறந்து வந்து கதாநாயகப் பொடியன்முன் நிற்பான். "பாருங்க, அப்பன் வந்துட்டான்" என்பார். விளையாட்டிலும் எப்போதும் அந்தத் தாடிக்காரனைத்தான் தேர்ந்தெடுத்தார். நானில்லாத நேரத்திலும் பழகட்டுமென்று சாவியைக் கொடுத்தேன். ஒருநாள் சாயங்காலம் சீக்கிரம் வந்தபோது பார்த்தேன், இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைத் தலையணைமேல் வைத்துவிட்டு, அசையாமல் நிற்கும் பொடியனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவன் சாகப்போகும் நேரத்தில் அடிப்பதை நிறுத்திவிடுவார். "கடைசியில பயதான ஜெயிக்கணும். எங்கன நிப்பாட்டணும்னு பழகுறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

சட்டையும் அப்போது வெட்டியதுதான். சினிமாவில் அந்தப் பொடியன் உடுத்தும் அதே சிவப்பு, அதே நீலக் கழுத்து. "அளவு எடுத்தீங்களா மாஸ்டர்?" என்றேன். "எட்டு வயசு சைஸ் சார்ட்டுலதான் இருக்கே. நான் வெட்டாத எட்டு வயசா?" என்றார். அந்தச் சார்ட்டை டைப் அடித்துக் கொடுத்தவனே நான். அது கடல் தாண்டி இருக்கிற, வெண்ணெயும் கறியுமாகத் தின்று வளர்ந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளின் அளவு என்பது எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் ஏறவில்லை. எட்டு வயது என்றால் எங்களுக்கு அதுதான் எட்டு வயது.

பையன் வந்தான். ஒல்லி. சட்டையைப் போட்டதும் அதன் தோள் முழங்கைப் பக்கம் சரிந்தது. மாஸ்டர் சாக்கட்டியை எடுத்துக் கோடு இழுத்துவிட்டு, பையனின் தோளை விரலால் இரண்டு முறை அளந்து பார்த்தார். பிறகு என் வீட்டுக்குக் கூட்டிவந்து பெட்டியின் முன் உட்காரவைத்தார். "ஏம்ப்பா இந்தத் தாடி வில்லன எடுக்கிற?" என்றான் பையன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். சண்டை தொடங்கிய மறுநிமிடமே முடிந்துவிட்டது. அசையாத ஆளோடு பழகிய மனிதருக்கு, துள்ளிக் குதிக்கிற பையன்மேல் ஒரு அடிகூடப் படவில்லை. எங்கே நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்தாவது முறை தோற்றதும் பையன், "அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியல. மாமா, நீங்க வாங்க" என்று ஜாய்ஸ்டிக்கை என்னிடம் நீட்டினான்.

நான் வாங்கிக்கொண்டேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். எத்தனையோ மாதம் கழித்து எனக்கு ஈடுகொடுத்து ஆட ஒரு ஆள்! லீவு போட்டேன். நாலு நாள் விளையாடினோம், கத்தினோம், ஒருவரையொருவர் கேலி செய்தோம். மாஸ்டர் வேலை விட்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, யார் அடித்தாலும் "சபாசு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் காலை அவர் என் வாசலில் நின்றுகொண்டு மகனிடம் கேட்டார், "இங்கனயே படிக்கியாடா ராசா? அப்பாகூட இருக்கியா?"

"மாமா வீட்டுலன்னா இருக்கேன்" என்றான் பையன்.

அன்றைக்கே பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். இரண்டு நாளில் தனியாகத் திரும்பினார். சட்டையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, "நீங்களே வச்சிருங்க தம்பி. நீங்க கூப்புட்டா ஒருவேள வருவான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நான் கூப்பிடவில்லை. வெட்கமா, கூச்சமா, என்ன எழவோ. ஜூனில் அவர் வேறு கம்பெனிக்கு, பல்லடம் பக்கம், மாறிப் போய்விட்டார்.

"அப்பாகூட விளையாடு கண்ணு, மாமனுக்கு வேலையிருக்குது." இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. ஒரு பொய். எனக்கு ஒரு வேலையும் இல்லைதான். ஆனாலும் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கலாம். நான் தனியாள் என்பது எனக்குத் தெரியும். அவரும் தனியாள் என்பது அந்த நாலு நாளும் எனக்கு மறந்துபோயிற்று.

வெள்ளையடிக்க வந்தவர் சட்டையை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "எம்பட பேரனுக்கு எட்டு வயசுதானுங்க. சும்மா கெடக்குதே, குடுங்களேன்."

"பெருசா இருக்குமுங்க" என்றேன்.

"இருந்தா என்னுங்க? வளர்ற பையந்தானுங்களே, அடுத்த வருசம் சரியாப் போயிரும்."

வாங்கி, கோடு அழியாமல் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தேன். மாஸ்டரின் மகனுக்கு இப்போது வயது முப்பதை நெருங்கியிருக்கும்.